அறுபதடி தூரம் போன கை

2009 மார்ச் 7. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் ஹிராம் பித்தோர்ன் மைதானம். உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் டொமினிகன் குடியரசும் நெதர்லாந்தும் ஆடிக்கொண்டிருக்கின்றன. டொமினிகன் அணியில் டேவிட் ஓர்ட்டிஸ், ஹோசே ரெயஸ், ஹான்லி ராமிரெஸ் என்று பெரிய பெயர்கள். நெதர்லாந்து சட்டை போட்டிருப்பவர்களில் பலர் கரீபியன் தீவுப் பையன்கள். அமெரிக்காவின் சின்ன ஊர்களில், சின்ன சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ், ஒன்பதாவது. யாரும் எதிர்பார்க்காதபடி நெதர்லாந்து 3-2 என்று முன்னால் நிற்கிறது.

இரண்டாவது பேஸில் வில்லி தவேராஸ் நிற்கிறார். முந்தைய 2008 சீசனில் 68 முறை ஸ்டீல் செய்து, அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தவர். பந்து வீசப்படும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிப்போய்ச் சேர்வதுதான் ஸ்டீல். தவேராஸ் மூன்றாவது பேஸை நோக்கிக் கிளம்பினார். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டத்தைச் சமன் செய்வது வெகு சுலபம். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்த கேட்சர் பந்தை வாங்கினார், எடுத்தார், எறிந்தார். தொண்ணூறு அடி தூரம். தவேராஸ் அவுட். நெதர்லாந்து அந்த ஆட்டத்தை ஜெயித்தது. மூன்று நாள் கழித்து அதே அணியை இன்னொரு முறையும் தோற்கடித்துப் போட்டியை விட்டே வெளியேற்றியது.

அந்தக் கேட்சர் கென்லி ஜான்சென். அப்போது வயது இருபத்தொன்று. ஆறடி ஐந்து அங்குல உயரம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அமைப்பில், மைனர் லீக்கில் நாலைந்து சீசனாக முட்டி மோதிக்கொண்டிருந்தவர். அந்த எறிதலை அவருடைய கேட்சர் வாழ்க்கையின் உச்சம் என்று சொல்லலாம். நாலே மாதத்தில் அந்த வாழ்க்கை முடிந்துபோனது. கை மட்டும் மிஞ்சியது. நான் எழுத வந்தது அந்த வலது கையின் கதையைத்தான். ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து பிட்சர் நிற்கும் மண்மேட்டுக்கு அது போய்ச் சேர்ந்த கதை. இரண்டுக்கும் நடுவே அறுபதடி ஆறு அங்குலம்.

கை கிளம்பிய இடம் குராசாவ். வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கும் தீவு. மொத்தப் பரப்பு 444 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஒன்றரை லட்சத்தைச் சுற்றி. டச்சு ராஜ்யத்தைச் சேர்ந்தது. மக்கள் பேசுவது பாப்பியமெந்து. இந்தத் துக்குணித் தீவிலிருந்து 1989இல் ஹென்ஸ்லி மியூலென்ஸ் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போனார். மேஜர் லீக்கில் ஆடிய முதல் குராசாவ்காரர் அவர். மேஜர் லீக்கின் இறுதிச் சுற்றுக்கு உலகத் தொடர் என்று பெயர். 1996 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், பத்தொன்பது வயது ஆண்ட்ரூ ஜோன்ஸ் யாங்கீஸ் மைதானத்திலேயே தம்முடைய முதல் இரண்டு வாய்ப்பிலும் ஹோம் ரன் அடித்தார். ஜோன்ஸ் ஆடிய அணி அட்லாண்டா பிரேவ்ஸ். தலைநகர் வில்லம்ஸ்டாடில் ஜான்செனுக்கு அப்போது ஒன்பது வயது. தீவில் அந்த வயதுப் பையன்களெல்லாம் பிரேவ்ஸ் ரசிகர்களானார்கள், இவரும் ஆனார்.

மூன்று பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. மூத்தவர் ஒருவர் ஏற்கெனவே பிரேவ்ஸ் அமைப்பில் ஒப்பந்தமாகியிருந்தார். அப்பா பக்கவாதம் வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது கென்லி இன்னும் பள்ளிக்கூடப் பையன். 2004 நவம்பரில், பதினேழு வயதில், டாட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. கேட்சராக.

மைனர் லீக் என்பதைத் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேஜர் லீக்கில் முப்பது கிளப். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏணி மாதிரி சில அணிகள்: ரூக்கி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ. ஒவ்வொரு அணியும் ஒரு சின்ன ஊரில் இருக்கும். பையன்கள் கீழ்ப்படியில் தொடங்கி ஏற வேண்டும். ஏறுபவர்களைவிட வீட்டுக்குப் போகிறவர்கள் மிக அதிகம். ஓர் ஊரில் ஆட்டம் முடிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ்ஸில் அடுத்த ஊர். சம்பளம் அப்போதெல்லாம் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். 2022இல் சங்கத்தில் சேர்ந்து, 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் ஹை ஏ வீரருக்கு வருஷத்துக்கு 27,300 டாலர் என்றானது. அதற்கு முன்பு 11,000. ஜான்சென் காலத்தில் அதற்கும் குறைவு. ஆங்கிலம் தத்தித் தத்திப் பேசும் பதினெட்டு வயதுப் பையன் அந்தப் பணத்தில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, மறுநாள் மத்தியானம் மைதானத்துக்கு வந்து நூற்றைம்பது பந்து பிடிக்க வேண்டும்.

பிடிக்கும் வேலை ஜான்செனுக்குச் சிரமமில்லை. மைனர் லீக்கில் அவர் பிடித்த பந்துகளில் கிளேட்டன் கெர்ஷா என்ற டெக்சஸ் பையன் வீசியவையும் உண்டு. பின்னாளில் அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பிட்சர் என்று பெயரெடுத்த அதே கெர்ஷா. ஜான்செனுக்குச் சிரமம் மட்டையில்தான். மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட் ஊரில் கிரேட் லேக்ஸ் லூன்ஸ் அணிக்கு ஆடினார், கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் இன்லண்ட் எம்பயர் 66ஆர்ஸ் அணிக்கு ஆடினார். எங்கே போனாலும் நாலு முறை மட்டை பிடித்தால் ஒரு ஹிட்கூட ஒழுங்காக வராத கணக்கு. சீசன் மாறியது, ஊர் மாறியது, அந்தக் கணக்கு மாறவில்லை.

கேட்சரின் எறிதலைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அடுத்து நடந்தது புரியும். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸுக்கு 127 அடிக்கு மேல். ஓட்டக்காரன் கிளம்பிவிட்டான் என்றால், பந்து கையுறைக்குள் விழுந்த நொடியிலிருந்து இரண்டாவது பேஸில் நிற்பவரின் கைக்குப் போய்ச் சேரும்வரை இரண்டு நொடிக்கும் குறைவாகத்தான் அவகாசம். அதற்குள் குந்திய நிலையிலிருந்து எழ வேண்டும், கையுறையிலிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும், தையலில் விரல் படும்படி பிடி மாற்ற வேண்டும், எறிய வேண்டும். கையைப் பின்னால் நீட்டிச் சுழற்றிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. பந்து காதோரம் வரை வரும், அங்கிருந்தே கிளம்பிவிடும். ஓட்டமோ சுழற்சியோ முன்தயாரிப்போ இல்லாமல், தோளும் முன்கையும் மணிக்கட்டும் மட்டுமே கொடுக்கும் வேகம் அது. அந்த நிலையிலேயே ஒருவன் அம்பு மாதிரி எறிகிறான் என்றால், நிதானமாக நின்று, காலைத் தூக்கி, உடம்பின் எடை முழுவதையும் முன்னால் தள்ளி வீசச் சொன்னால் என்ன ஆகும்? டாட்ஜர்ஸின் பயிற்சிப் பிரிவில் இந்தக் கேள்வி கொஞ்ச நாளாகவே சுற்றிக்கொண்டிருந்தது. சான் ஹுவானில் தவேராஸ் அவுட்டானதை உலகமே பார்த்தது, அவர்களும் பார்த்தார்கள்.

2009 சீசனின் நடுவில் ஜான்செனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: இனி நீ பிட்சர்.

அவருக்கு மனமில்லை. விக்கெட் கீப்பராகவே வளர்ந்த ஒருவரிடம், நாளையிலிருந்து நீ வேகப்பந்து வீச்சாளர், பேட்டும் வேண்டாம் கீப்பிங் கையுறையும் வேண்டாம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? கேட்சர் என்பவர் ஆட்டத்தின் நடுநாயகம். மைதானம் முழுவதையும் எதிரே பார்த்தபடி உட்காருகிற ஒரே ஆள். எந்தப் பந்து வீச வேண்டும் என்று அப்போது விரலால் சைகை காட்டியவரும் அவரே. அந்த இடத்தை விட்டு எழுந்து போ என்பதை ஒரு பையன் தோல்வி என்றுதான் எடுத்துக்கொள்வான். ஜான்சென் உலகக் கோப்பைக்குச் சமமான போட்டியில் தன் நாட்டுக்குக் கேட்சராக நின்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் வருந்தியதிலும் எதிர்த்ததிலும் நியாயம் இருந்தது. ஆனால் மறுத்துவிட்டு வெளியே போனால் காத்திருந்த வாழ்க்கை என்ன என்பதும் அவருக்குத் தெரியும். ஒப்புக்கொண்டார்.

சான் பெர்னார்டினோ, டாட்ஜர் ஸ்டேடியத்திலிருந்து கிழக்கே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். பழைய ரூட் 66 நெடுஞ்சாலை அந்த ஊர் வழியாகப் போனது. அணியின் பெயரில் இருக்கும் 66 அதுதான். அங்கே பிட்சிங் பயிற்சியாளராக இருந்தவர் சார்லி ஹஃப். இந்தக் கைக்கு அதைவிடப் பொருத்தமான ஆசான் கிடைத்திருக்க மாட்டார். 1966இல் டாட்ஜர்ஸ் எடுத்த பையன் ஹஃப். கை வலி வந்து வேகம் போய்விட, 1970இல் மைனர் லீக்கில் இருக்கும்போதே நக்கிள்பால் கற்றுக்கொண்டார். சுழலாமல் மிதந்து, எங்கே திரும்பும் என்று வீசியவருக்கே தெரியாத மெதுவான பந்து அது. அதை வைத்துக்கொண்டு மேஜர் லீக்கில் இருபத்தைந்து சீசன், நாற்பத்தாறு வயது வரை வீசினார். 216 வெற்றி, 216 தோல்வி. தன்னையே ஒருமுறை கலைத்துப் போட்டு மறுபடி கட்டிய மனிதர் அவர். இருபத்தொரு வயதில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் பையனிடம் அவரால் பேச முடியும்.

பிட்சர் நிற்கும் மவுண்ட் பத்து அங்குல உயர மண்மேடு. நடுவே இரண்டடி நீளம், அரையடி அகலத்தில் வெள்ளை ரப்பர் பலகை. ஒரு கால் அதைத் தொட்டிருக்க வேண்டும். சரிவில் இறங்கியபடி வீசுவதால் முன்கால் எங்கே ஊன்றுகிறது என்பதில் கொஞ்சம் பிசகினாலும் பந்து பிளேட்டுக்கு வெளியே போய்விடும். சமதரையில் குந்தியிருந்து எழுந்து எறியும் கேட்சரின் கால்களுக்கு இந்தச் சரிவு பழக்கமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் கையிலிருந்து பந்து கிளம்ப வேண்டும் என்பதும் புதுசு. பேஸில் ஓட்டக்காரர் நின்றால் அவரை எப்படிக் கட்டி வைப்பது, பந்து தரையில் உருண்டால் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாமே பாலபாடம். ஜான்சென் அந்த சீசனில் பிட்சராக வீசியது பன்னிரண்டு இன்னிங்ஸ்கூட நிறையாது. நிறையப் பேரை வாக் கொடுத்து அனுப்பினார். நாலு பந்து பிளேட்டுக்கு வெளியே போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போய்விடலாம். ஆனால் வாக் கொடுத்தவர்களைவிட அதிகம் பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது பந்தை மைதானத்துக்குள் அடிக்கவே விடாமல் அவுட்டாக்கினார்.

அப்போதுதான் கை தன் ரகசியத்தைக் காட்டியது. பேஸ்பால் பந்தின் எடை 142லிருந்து 149 கிராம் வரை. வெள்ளைத் தோலின் மேல் சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல். அந்தத் தையலின் மேல் இரண்டு விரலைக் குறுக்கே வைத்து வீசினால் நேராகப் போகும் வேகப்பந்து. ஜான்சென் வீசியதும் அதைத்தான். அவர் கையிலிருந்து கிளம்பிய பந்து மட்டும் நேராகப் போகவில்லை. பேட்டரை நெருங்கும் கடைசி நேரத்தில் சில அங்குலம் பக்கவாட்டில் வெட்டியது. வலக்கை பேட்டருக்கு வெளியே விலகும். இடக்கை பேட்டருக்கு உள்ளே புகுந்து, மட்டையின் பிடிக்குப் பக்கத்தில் மோதி மட்டையையே உடைக்கும். இதற்குக் கட்டர் என்று பெயர். பெரும்பாலோர் பிடியை மாற்றி, விரல் அழுத்தத்தை மாற்றி, மாதக்கணக்கில் பழகி வரவழைப்பதை இந்தக் கை சொல்லாமலே செய்துகொண்டிருந்தது.

அதை அடையாளம் கண்டு சொன்னவர் மைக் போர்செல்லோ. டாட்ஜர்ஸின் புல்பென் கேட்சர். ஆட்டத்துக்கு முன்னால் பிட்சர்கள் கையைச் சூடேற்றும்போது பந்து பிடிக்கிறவர். பேப்பரில் பேர் வராத வேலை. முன்பு இதே வேலையை யாங்கீஸில் பார்த்தவர் அவர். அங்கே வருஷக்கணக்கில் மரியானோ ரிவேராவின் கட்டரைப் பிடித்தவர். பேஸ்பால் வரலாற்றிலேயே பெரிய கட்டர் ரிவேராவுடையது. அந்தப் பந்து கையுறைக்குள் எப்படி வந்து விழும் என்று போர்செல்லோவின் உள்ளங்கைக்குத் தெரியும். குராசாவ் பையனின் பந்தும் அப்படியே வந்து விழுந்தபோது, இதை மாற்றாதே, இதையே வளர்த்துக்கொள் என்ற வழிக்கு அவரைத் திருப்பினார். ஒரு கையின் அருமை இன்னொரு கைக்குத் தெரிந்த இடம் இது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும்கூட.

2009 நவம்பரில் கிளப் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து வருஷமாக அமைப்பில் இருக்கும் பையனை நாற்பது பேர் கொண்ட பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் தேர்வில் வேறு கிளப் எடுத்துக்கொண்டு போகலாம். பன்னிரண்டு இன்னிங்ஸ் வீசியவரை நம்பி நாற்பதில் ஒரு இடத்தைக் கொடுப்பதா? கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்தது வெகு வேகம். 2010இல் இன்லண்ட் எம்பயரில் 18 இன்னிங்ஸ், டபிள் ஏ அணியான சட்டனூகாவில் 27 இன்னிங்ஸ். மொத்தம் 45 இன்னிங்ஸில் 78 ஸ்ட்ரைக்அவுட். ஓர் இன்னிங்ஸில் அவுட்டாக வேண்டியவர்கள் மூன்றே பேர் என்பதை வைத்துப் பாருங்கள்; அவுட்டானவர்களில் பாதிக்கு மேல் பேர் ஸ்ட்ரைக்அவுட்டாகித் திரும்பிப் போயிருக்கிறார்கள். டிரிபிள் ஏ படியில் பிட்சராகக் கால் வைக்காமலே ஜூலை 24 அன்று நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக டாட்ஜர் ஸ்டேடியத்தின் மவுண்டில் ஏறினார். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் அவுட், அதில் இருவர் ஸ்ட்ரைக்அவுட். மறுநாளே முதல் சேவ். மூன்று ரன்னோ அதற்குக் குறைவோ முன்னிலை இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தால் பிட்சர் கணக்கில் எழுதப்படுவது சேவ். அந்த வேலைக்கென்றே இருக்கும் பிட்சருக்குக் குளோசர் என்று பெயர். சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு பிட்சிங்கில் அ, ஆ தெரியாது.

அந்த சீசனின் மிச்சத்தில் 27 இன்னிங்ஸில் 41 ஸ்ட்ரைக்அவுட். 2011இல் 53⅔ இன்னிங்ஸில் 96. ஒன்பது இன்னிங்ஸுக்கு 16.1 என்ற விகிதம். ஐம்பது இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களில் அதுவரை யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

ஜான்செனைப் போல இடம் மாறிய பையன்களில் பலர் ஏன் குளோசர்களாக ஆகிறார்கள் என்று யோசித்தால் காரணம் சாதாரணமானது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரே பேட்டரை இரண்டு மூன்று முறை சந்திக்க வேண்டும்; மூன்று நாலு வகைப் பந்தாவது வேண்டும். அதைச் சிறு வயதிலிருந்தே கற்க வேண்டும். கடைசி இன்னிங்ஸை மட்டும் வீசுபவருக்கு ஒரே ஒரு பந்து போதும், அது யாராலும் அடிக்க முடியாததாக இருந்தால். இன்னொன்று, இவர்களுடைய கை புதுசு. பதின்மூன்று வயதிலிருந்து ஆயிரக்கணக்கான பந்து வீசி முழங்கைத் தசைநார் நைந்துபோன கை இல்லை.

டிரெவர் ஹாஃப்மேன் 1989இல் சின்சினாட்டி ரெட்ஸ் எடுத்த ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர். அடுத்த வருஷம் மட்டையில் ஒன்றும் நடக்கவில்லை, 1991இல் பிட்சராக்கினார்கள். 601 சேவ், 2018இல் ஹால் ஆஃப் ஃபேம். ஜேசன் மோட், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் மைனர் லீக் கேட்சர். 2006இல் மாற்றினார்கள், 2011 உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்தது அவர் வீச்சு. பின்னாளில் குளோசரான டிராய் பெர்சிவலும் கேட்சராக வந்தவரே.

இதைக் கேட்டுவிட்டுக் கை பலமான பையனையெல்லாம் மவுண்டில் ஏற்றிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே குராசாவில் ஜான்செனுக்கு இரண்டு வயது இளையவர் ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ். 2010இல் அவரைத் தேடி வந்த பல கிளப்புகள் அவர் கையைப் பார்த்துவிட்டு பிட்சராகத்தான் எடுக்க நினைத்தன. அவர் ஷார்ட்ஸ்டாப்தான் ஆடுவேன் என்று நின்றார். பிரேவ்ஸ் அவர் சொன்னதைக் கேட்டது. சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் குளோவ் விருதை நாலு முறை வாங்கி, தம் காலத்தின் தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப்புகளில் ஒருவராக ஆடினார். ஒரே தீவு, ஒரே மாதிரி பலமான கை, இரண்டு பேருக்கு இரண்டு விடை. ஜான்சென் மாறியது சரி. சிம்மன்ஸ் மாறாததும் சரி. எறிகிற பலத்தை ராடார் கருவி சொல்லிவிடும். அந்தக் கைக்கு உரிய இடம் எது என்பதைக் கூடவே இருந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்; அதற்கு நாள் ஆகும்.

ஜான்சென் கேட்சராக இருந்த வருஷங்கள் வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆயிரக்கணக்கான பேட்டர்களின் காலையும் இடுப்பையும் முழங்கையையும் சில அடி தூரத்திலிருந்து பார்த்தவர் அவர். யார் உள்ளே வரும் பந்துக்குத் திணறுவார், யார் பொறுமையில்லாமல் முதல் பந்துக்கே மட்டையைச் சுழற்றுவார் என்பதை மைனர் லீக்கின் வெயிலில் குந்தியிருந்தே கற்றிருந்தார். மவுண்டில் ஏறியபோது அந்தப் பார்வையும் கூடவே ஏறியது. 2017 சீசனைத் தொடங்கியபோது, முதல் வாக் கொடுப்பதற்கு முன்னால் 51 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருந்தார். அதற்கு முன் யாரும் செய்யாதது. அந்த சீசன் முழுக்க 109 ஸ்ட்ரைக்அவுட், ஏழே ஏழு வாக். 2009இல் பிளேட்டைக் கண்டுபிடிக்கத் திணறிய அதே கை. மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று நேஷனல் லீக்; ஆட்டத்தின் இடையில் இறங்கி வீசுபவர் ரிலீஃப் பிட்சர். 2016, 2017 இரண்டு வருஷமும் நேஷனல் லீக்கின் சிறந்த ரிலீஃப் பிட்சர் விருது வாங்கினார். விருதுக்கு டிரெவர் ஹாஃப்மேன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கை நன்றாக இருந்தபோது இதயம் தொல்லை கொடுத்தது. 2011இல் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. 2012இல் மறுபடி வந்து, அந்த அக்டோபரில் சிகிச்சை. 2018 ஆகஸ்டில் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வரில் மீண்டும் வந்தது. நவம்பரில் இரண்டாவது சிகிச்சை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து வீசினார். தோல்விகளும் உண்டு, சின்னத் தோல்விகள் இல்லை. 2017 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் மார்வின் கொன்சாலெஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். 2020 உலகத் தொடரின் நாலாவது ஆட்டத்தில் கடைசிப் பந்து வரை வந்து வெற்றி கைநழுவியது. அந்தத் தொடரை டாட்ஜர்ஸ் ஜெயித்தபோது கடைசி அவுட்டை எடுக்க மவுண்டில் நின்றவர் வேறொருவர். குளோசருக்கு இதெல்லாம் உண்டு. மறுநாள் மறுபடி பந்தைக் கேட்டு வாங்குவதுதான் வேலை.

2022இல், சின்ன வயதில் ரசித்த பிரேவ்ஸ் அணிக்கே போய் 41 சேவ் எடுத்தார். நேஷனல் லீக்கில் அந்த வருஷம் அதுவே அதிகம். 2023 மே 10 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக, அதே அட்லாண்டாவில், 400ஆவது சேவ்.

எனக்குள்ள கவலை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜான்சென் மட்டை பிடிக்கத் தெரியாத கேட்சராக ஐந்து சீசன் டாட்ஜர்ஸ் அமைப்பில் இருந்தார். அவரை வைத்துக்கொள்ள இடம் இருந்தது, சார்லி ஹஃப் மாதிரி ஆளிடம் அனுப்ப ஊர் இருந்தது. 2021இல் மேஜர் லீக் நிர்வாகம் கிளப்புகளோடு இணைந்த மைனர் லீக் அணிகளை 120ஆகக் குறைத்தது. நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் அந்த இணைப்பை இழந்தன. பிறகு, ஒரு கிளப் தன் உள்நாட்டுப் பட்டியலில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்களின் எண்ணிக்கையும் 180லிருந்து 165ஆகக் குறைந்தது. சம்பளம் கூடியது நல்லது, அவசியமானது. இடம் குறைந்ததை என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பட்டியலில் முதலில் வெட்டப்படுவது இருபது வயதில் ஹிட் வராத கேட்சராகத்தான் இருக்கும். அவன் கையை மவுண்டில் ஏற்றிப் பார்க்கும் யோசனை யாருக்காவது தோன்றும் முன்னால் அவன் வில்லம்ஸ்டாடுக்கு விமானம் ஏறியிருப்பான். ஆளை அனுப்புவதற்கு முன்னால் ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், வேறு இடத்தில் நிறுத்திப் பார்க்கும் வழக்கத்தைக் கிளப்புகள் கைவிடக் கூடாது. ஆட்டத்தின் பதிவேடே அதற்குச் சாட்சி.

2025 சீசன் முடிந்தபோது ஜான்செனின் கணக்கில் 476 சேவ். அவருக்கு முன்னால் மூன்றே பேர்: 652 எடுத்த மரியானோ ரிவேரா, 601 எடுத்த ஹாஃப்மேன், 478 எடுத்த லீ ஸ்மித். இவர்களில் ரிவேரா பனாமாவில் உள்ளூர் அணிக்கு ஷார்ட்ஸ்டாப் ஆடியவர். அணியின் பிட்சர் சரியில்லாமல் போனதால் நான் வீசுகிறேன் என்று முன்வந்தவர். ஹாஃப்மேனும் ஷார்ட்ஸ்டாப், ஜான்சென் கேட்சர். முதல் நாலு பேரில் மூன்று பேர் பிட்சராகத் தொடங்கியவர்கள் இல்லை.